ஆபீஸ் நெட்டில் விபிஎன், டோர், எஸ்எஸ்எச்: எது ஓடும், எது காட்டிக்கொடுக்கும்

லேப்டாப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் பார்கோடோடு அசெட் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், இந்த ரிவ்யூவில் வரும் கருவிகளில் முக்கால்வாசி உங்களுக்கு உதவாது. மெஷின் சொந்தம், வைஃபை மட்டும் ஆபீஸுடையது என்றால் நிலைமை வேறு. இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் "டாப் 10 விபிஎன்" என்று பட்டியல் போடும் பக்கங்களை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

விபிஎன், டோர், எஸ்எஸ்எச் மூன்றும் வழியை மறைக்கிற கருவிகள். விபிஎன் டேட்டாவைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும், டோர் பல சர்வர்களைச் சுற்றி அனுப்பும், எஸ்எஸ்எச் தொலைவில் இருக்கும் சர்வரோடு பூட்டிய இணைப்பு போடும். டேட்டா மெஷினை விட்டுக் கிளம்பிய பிறகுதான் அவற்றின் வேலை தொடங்குகிறது. ஆனால் ஆபீஸ் லேப்டாப்பில் கண்காணிப்பு உட்கார்ந்திருப்பது கிளம்புகிற இடத்திலேயே. ஸ்கிரீனைப் பார்க்கிற ஏஜென்ட் (ஆபீஸ் நிறுவிய கண்காணிப்பு மென்பொருள்) இருக்கும்போது வழிநெடுகத் திரை கட்டி என்ன பயன்?

அதனால் கருவிகளுக்குப் போகும் முன் ஐந்து நிமிடச் சோதனை.

முதலில் சர்டிஃபிகேட், அதாவது தளம் அசல்தான் என்று சொல்லும் டிஜிட்டல் சான்றிதழ். ஃபயர்ஃபாக்ஸில் கூகுள் பக்கத்தைத் திறந்து, முகவரிக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டைத் தட்டி, இணைப்பு விவரத்துக்குள் போங்கள். வழக்கமாக அங்கே சரிபார்த்தவர் என்று கூகுள் டிரஸ்ட் சர்வீசஸின் பெயர் இருக்கும். அதற்குப் பதிலாக இசட்ஸ்கேலர், ஃபோர்டிநெட் போன்ற நெட்வொர்க் பாதுகாப்பு நிறுவனம் அல்லது உங்கள் கம்பெனியின் பெயரே இருந்தால், நடுவில் ஒரு பெட்டி உங்கள் எச்டிடிபிஎஸ் (பூட்டிய) இணைப்பை உடைத்துப் படித்து, மறுபடி ஒட்டி அனுப்புகிறது என்று பொருள். மொஸில்லா அங்கீகரிக்காத ஒருவர் கொடுத்த சான்றிதழ் இது என்று ஃபயர்ஃபாக்ஸே ஒரு வரியில் சொல்லிவிடும். குரோம் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது. சர்டிஃபிகேட்டைத் திறந்து, வழங்கியவர் பெயரை நீங்களேதான் படிக்க வேண்டும்.

ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். வங்கி, மருத்துவத் தளங்களை இந்தப் பரிசோதனையிலிருந்து விலக்கி வைப்பது பரவலான வழக்கம். நெட்பேங்கிங் பக்கத்தின் சர்டிஃபிகேட் அசலாக இருப்பதால் ஜிமெயிலும் அப்படித்தான் என்று நினைக்க முடியாது. ஒரு தேடல் தளம், ஒரு செய்தித் தளம், ஒரு வீடியோ தளம் என்று மூன்றைப் பாருங்கள்.

அடுத்தது பிரவுசர். குரோமின் மெனுவில் உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்ற வரி இருக்கிறதா? முகவரிப் பட்டியில் குரோம் பாலிசி பக்கத்தைத் திறந்தால், என்னென்ன விதிகள் மேலிருந்து இறக்கப்பட்டிருக்கின்றன என்பது வரிவரியாகத் தெரியும். எந்த எக்ஸ்டென்ஷன் கட்டாயம், இன்காக்னிடோவுக்கு அனுமதி உண்டா, டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி கேட்கும் கேள்வி) எப்படிப் போக வேண்டும், எல்லாம் அங்கே இருக்கும். அதைப் பார்ப்பதால் எதுவும் ஆகாது.

மூன்றாவதாக டாஸ்க் மேனேஜர். டெராமைண்ட், ஆக்டிவ்டிராக், ஹப்ஸ்டாஃப் போன்ற கண்காணிப்பு ஏஜென்டுகள் சில இடங்களில் பெயரோடு தெரியும், சில இடங்களில் மறைத்து வைத்திருப்பார்கள். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிரவுட்ஸ்ட்ரைக் மாதிரியான பாதுகாப்பு மென்பொருள் கண்காணிப்புக்கென்று வைத்தது இல்லைதான். இருந்தாலும் எந்த புரோகிராம் எத்தனை மணிக்கு, எந்த ஃபோல்டரிலிருந்து ஓடியது என்று அதுவும் குறித்துக்கொள்கிறது. கூடவே அந்த ஃபைலின் ஹாஷையும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை எண்ணையும் எடுத்துக்கொள்ளும். டோர் பிரவுசரை பென்டிரைவில் கொண்டுவந்து பெயரை நோட்பேட் என்று மாற்றி ஓட்டினாலும் ஹாஷ் மாறாது. அது மட்டும் இல்லை, பென்டிரைவ் சொருகியதே தனிப் பதிவாக ஏறிவிடும்.

இனி கருவிகள்.

இன்காக்னிடோ

பத்துக்கு ஒன்று. அந்த ஒன்றும், பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் ஹிஸ்டரியைப் புரட்ட முடியாது என்பதற்காக. முதலாளிக்கும் பள்ளிக்கும் உங்கள் உலாவல் தெரியக்கூடும் என்று இன்காக்னிடோவின் தொடக்கப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. ஒரு சோதனை செய்து பாருங்கள்: இன்காக்னிடோவில் நாலைந்து தளங்களைத் திறந்து மூடிவிட்டு, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் கட்டளையை டிஸ்ப்ளேடிஎன்எஸ் தெரிவோடு ஓட்டுங்கள். மூடிய தளங்களில் சிலவற்றின் பெயர்கள் அங்கே நிற்கக்கூடும். இது மெஷினுக்குள் மிஞ்சியது மட்டும். ஆபீஸ் நெட்டின் வாசலில் நின்று வடிகட்டும் பெட்டியான ஃபயர்வாலில் பதிவானது வேறு.

டிஎன்எஸ்ஸை மறைப்பது

தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வி, போர்ட் 53 என்ற எண் வாசலில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போகிறது. அதை எச்டிடிபிஎஸ் உறைக்குள் வைத்து அனுப்பும் தரம் 2018-இல் வந்தது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 சேவையும் அதே ஆண்டு ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டிலும் செட்டிங்கிலேயே இதைப் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது.

தடுப்பு வெறும் டிஎன்எஸ் அளவில் மட்டும் இருக்கிற சின்ன ஆபீஸில் இது போதும், தளம் திறந்துவிடும். கொஞ்சம் பெரிய இடத்தில் எடுபடாது. பெயரைக் கேட்டதை மறைத்தாலும், அந்தத் தளத்தோடு பேச ஆரம்பிக்கும் முதல் பாக்கெட்டிலேயே (டேட்டா துண்டு) தளத்தின் பெயர் எஸ்என்ஐ என்ற புலத்தில் திறந்த எழுத்தில் போகிறது. ஃபயர்வால் படிப்பது அதைத்தான். வாசலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வது மாதிரி. இந்த முதல் பாக்கெட்டையும் மறைக்கிற தொழில்நுட்பம் பிரவுசர்களில் வந்துவிட்டது, ஆனால் தளமும் அதை ஆதரிக்க வேண்டும், ஆதரிப்பவை இன்னும் எல்லாத் தளங்களும் அல்ல. நிறுவன விதிகள் இறங்கிய குரோமில் பாதுகாப்பான டிஎன்எஸ் தானாகவே அணைந்துவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் டிஎன்எஸ் மறைப்பையும் நெட்வொர்க் பக்கம் ஒரு குறிப்பிட்ட பெயருக்கு இல்லை என்று பதில் சொல்லி அணைத்துவிட முடியும். நீங்களே கையால் போட்டிருந்தால் அந்த அணைப்பு செல்லாது.

இலவச வெப் புராக்ஸி

அடைபட்ட தளத்தை உங்களுக்குப் பதிலாகத் திறந்து காட்டும் பக்கங்கள் இவை. நேரத்தை வீணாக்க வேண்டாம். ஃபோர்டிநெட்டின் தள வகைப் பட்டியலான ஃபோர்டிகார்டில் புராக்ஸி அவாய்டன்ஸ் என்று இதற்கென்றே ஒரு வகை இருக்கிறது, மற்ற நிறுவனங்களின் பட்டியல்களிலும் உண்டு. இந்த வகையில் விழுந்த ஒரு கிளிக், கிரிக்கெட் ஸ்கோர் பார்த்த நூறு கிளிக்கைவிட ரிப்போர்ட்டில் மேலே வரும். போதாததற்கு, நீங்கள் அடிக்கும் பாஸ்வேர்டை எல்லாம் நடத்துபவர் படிக்க முடியும்.

காசு கொடுத்து வாங்கும் விபிஎன்

இங்கேதான் நின்று பேச வேண்டும். சொந்த லேப்டாப்பிலோ போனிலோ ஆபீஸ் வைஃபையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நிஜமாகவே உதவும் கருவி. உள்ளடக்கம் மறைகிறது, தளத்தின் பெயரும் மறைகிறது. மறையாத ஒன்று, நீங்கள் விபிஎன் போட்டிருக்கிறீர்கள் என்பது.

ஃபயர்வால் எப்படிக் கண்டுபிடிக்கிறது? வயர்கார்டு என்ற விபிஎன் முறையை எடுத்துக்கொள்வோம். அளவான நிரல், வேகம், 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, இன்று கிட்டத்தட்ட எல்லா சேவையும் இதையே தருகின்றன. ஆனால் இது ஒளிந்துகொள்வதற்காக எழுதப்பட்டதல்ல. இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தி எப்போதும் 148 பைட், அதன் முதல் பைட் 1, அடுத்த மூன்றும் பூஜ்யம், பதில் எப்போதும் 92 பைட். இந்தக் கைரேகை தெரிந்த ஃபயர்வாலுக்கு போர்ட் எண்ணே தேவையில்லை. வழக்கமான 51820-ஐ மாற்றி வேறு போர்ட்டில் விட்டாலும் பிடித்துவிடும். பல ஆபீஸ்களில் அவ்வளவு தூரம்கூடப் போவதில்லை, வயர்கார்டு பயணிக்கும் யுடிபி என்ற அனுப்பும் முறையையே மொத்தமாக வெட்டி வைத்திருப்பார்கள். அப்போது ஆப் "கனெக்டிங்" என்று சுற்றிக்கொண்டே இருக்கும், பிழைச் செய்திகூட வராது. ஓட்டல் வைஃபையில் ஓடியது ஆபீஸில் ஏன் ஓடவில்லை என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 ஆப்பில் இருக்கும் வார்ப் என்ற விபிஎன் வசதி வயர்கார்டில் ஓடும்போது திணறுவதற்கும் இதே காரணம், அப்போது அது வழக்கமாக யுடிபி 2408-ஐத் தேடும்.

பழைய விபிஎன் முறையான ஓபன்விபிஎன்னை, யுடிபிக்குப் பதில் டிசிபியில், எச்டிடிபிஎஸ்ஸின் வழக்கமான போர்ட் 443-இல் ஓட்டினால் எச்டிடிபிஎஸ் மாதிரியே தெரியும் என்று பல வழிகாட்டிகள் எழுதுகின்றன. போர்ட் எண் மட்டும் பார்க்கிற பழைய பெட்டிகளுக்கு அது சரி. பாக்கெட்டின் உள்ளே பார்க்கிற பெட்டிக்கு முதல் சில பைட்டிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும், ஏனென்றால் ஓபன்விபிஎன் தன் சொந்தத் தலைப்பைப் போட்டுவிட்டுத்தான் எச்டிடிபிஎஸ்ஸின் பூட்டு முறையான டிஎல்எஸ்ஸில் பேசுகிறது.

நான் பரிந்துரைக்கும் இரண்டு, புரோட்டான் விபிஎன்னும் மல்வாடும். புரோட்டானின் இலவசத் திட்டத்தில் டேட்டா வரம்பு கிடையாது, ஒரு சமயத்தில் ஒரு கருவி மட்டும், நாட்டை நீங்களே தேர்வு செய்வது கடினம். 2022-இல் வந்த ஸ்டெல்த் என்ற முறை வயர்கார்டை டிஎல்எஸ்ஸுக்குள் சுற்றி டிசிபியில் அனுப்புகிறது. யுடிபி வெட்டப்பட்ட நெட்வொர்க்கில் முதலில் முயல வேண்டியது அதுதான். வேகம் கண்டிப்பாகக் குறையும். டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது ஒரு பாக்கெட் தொலைந்தால் இரண்டு அடுக்கும் தனித்தனியாக மறுபடி அனுப்பப் பார்க்கும், வீடியோ காலில் அது திக்கித் திக்கிப் பேசுவதாகக் கேட்கும்.

மல்வாட் மாதம் 5 யூரோ, ஒரு மாதமோ ஒரு வருடமோ அதே விலை. மின்னஞ்சல் கேட்பதில்லை, 16 இலக்கக் கணக்கு எண் ஒன்று தருவார்கள், ஐந்து கருவிகளில் போட்டுக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் ஸ்வீடன் போலீஸ் தேடுதல் வாரண்டோடு அவர்கள் அலுவலகத்துக்கு வந்து, எடுத்துப்போக வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாமல் திரும்பியது. செட்டிங்கில் அப்ஃபஸ்கேஷன் (உருமறைப்பு) பகுதியில் ஷேடோசாக்ஸ் என்ற தெரிவு இருக்கிறது, சாதாரண இணைப்பு ஏறாவிட்டால் அதைப் போட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ், நார்ட், சர்ஃப்ஷார்க், புரோட்டான் எல்லாம் அந்த ஆண்டே இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. பட்டியலில் இன்னமும் இந்தியா என்று தெரிந்தால், சர்வர் சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருந்துகொண்டு இந்திய ஐபி மட்டும் காட்டுகிறது என்று அர்த்தம். தாமதம் கூடும்.

இலவச விபிஎன்களில் கண்ணில் பட்டதை எல்லாம் இறக்காதீர்கள். ஹோலா என்ற சேவை தன் இலவசப் பயனர்களின் இணைப்பையே வேறு ஆட்களுக்கு வெளியேறும் வாசலாக விற்றது 2015-இல் அம்பலமானது. அப்படி ஒன்றை ஆபீஸ் வைஃபையில் ஓட்டினால், முகம் தெரியாத எவரோ செய்யும் காரியம் உங்கள் கம்பெனியின் ஐபி முகவரியில் பதிவாகும். ஃபேஸ்புக் நடத்திய ஓனவோ, தனியுரிமை என்ற பெயரில் பயனர்கள் என்னென்ன ஆப் பயன்படுத்துகிறார்கள் என்று சேகரித்தது. 2018-இல் ஆப்பிள் கடையிலிருந்து அது வெளியேறியது.

சரி, எல்லாம் ஓடிவிட்டது, தளமும் திறந்துவிட்டது. இப்போது ஐடி டீமின் பக்கம் போய் நின்று பார்ப்போம். ஆபீஸிலிருந்து வெளியே போகும் இணைப்புகளை நடுவில் நின்று கடத்திவிடும் ஸ்க்விட் புராக்ஸியின் பதிவில், சாதாரண உலாவல் என்றால் நிமிடத்துக்கு முப்பது நாற்பது சின்னச் சின்ன வரிகள் விழும், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு தளம். டிஎல்எஸ் உறைக்குள் போன விபிஎன் என்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றுமே இருக்காது. இணைப்பை மூடும்போது ஒரே ஒரு வரி விழும். மாதிரிக்கு இப்படி: 1,08,42,317 மில்லி நொடி, 64 கோடி பைட், கனெக்ட், பெயரில்லாத ஏதோ ஓர் ஐபி முகவரி, போர்ட் 443, கடைசியில் உங்கள் லாகின் பெயர். மூன்று மணி நேரம், அறுநூறு எம்பிக்கு மேல், ஒரே முகவரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இதுதான். பைட் அளவை வைத்து இறங்குவரிசையில் அடுக்கினால் முதல் பக்கத்திலேயே நிற்கும், அந்த முகவரி யாருடையது என்று தேட அரை நிமிடம் போதும்.

ஆகவே போட்டால் தேவைப்படும்போது போட்டு, முடிந்ததும் எடுங்கள். நாள் முழுக்க ஓடவிட்டு, அதற்குள் ஃபோட்டோ பேக்கப்பும் போய்க்கொண்டிருந்தால் கேள்வி வரும். சொந்தக் கருவிக்கு விபிஎன், பத்துக்கு ஏழு. ஆபீஸ் லேப்டாப்பில், அட்மின் உரிமை இல்லாமல் நிறுவவே முடியாது. நிறுவ முடிந்தாலும் பூஜ்யம்.

டோர்

மூன்று ரிலே (டேட்டாவைக் கைமாற்றிவிடும் சர்வர்), மூன்று அடுக்கு, உலகத்தில் இதைவிட நன்றாக ஆளை மறைக்கும் இலவசக் கருவி கிடையாது. ஆனால் ஆபீஸுக்கு இது பொருந்தாத கருவி. டோரின் ரிலே பட்டியல் பகிரங்கமானது, எந்த ஃபயர்வாலும் அதை இறக்கிக்கொண்டு மொத்தமாகத் தடுக்கலாம். தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

2013 டிசம்பரில் ஹார்வர்ட் பல்கலையில் தேர்வைத் தள்ளிப்போட ஒரு மாணவர் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினார். டோர் வழியாக, தற்காலிக மின்னஞ்சல் சேவையில். டோரை யாரும் உடைக்கவில்லை. மின்னஞ்சல் டோரிலிருந்து வந்தது என்று தெரிந்ததும், அந்த நேரத்தில் பல்கலை வைஃபையில் டோர் போட்டிருந்தது யார் என்று பதிவைப் பார்த்தார்கள், ஆள் கிடைத்துவிட்டார். அவர் செய்தது குற்றம், பிடிபட்டதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் கருவியைப் பற்றி அதில் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஆயிரம் பேர் டோர் போடும் இடத்தில் டோர் மறைக்கும், ஒரே ஆள் போடும் இடத்தில் அதுவே விளக்குப் பிடித்துக் காட்டும். இருநூறு பேர் வேலை செய்யும் ஒரு மாடியில் எத்தனை பேர் டோர் போடுவார்கள்?

பிரிட்ஜ் எனப்படும், பகிரங்கப் பட்டியலில் இல்லாத ரிலேக்களும், வீடியோ கால் போலத் தோற்றமளிக்கும் ஸ்னோஃப்ளேக்கும் இருக்கின்றன. அவை அரசாங்கத் தணிக்கையைத் தாண்டுவதற்காக உழைத்து உருவாக்கியவை, அந்த வேலையில் பெரிய மதிப்பு உண்டு. மதிய இடைவேளையில் யூடியூப் பார்க்க அவற்றின் வேகம் தாங்காது. பத்துக்கு மூன்று.

எஸ்எஸ்எச் சுரங்கம்

டெவலப்பர்களின் செல்லப்பிள்ளை. வெளியே மாதம் 4 முதல் 6 டாலருக்கு ஒரு சின்ன சர்வர், மெஷினில் எஸ்எஸ்எச் கட்டளையோடு டைனமிக் ஃபார்வர்டிங் தெரிவு, உள்ளூர் போர்ட் 1080, பிரவுசரில் சாக்ஸ் 5 புராக்ஸி. பிரவுசரின் போக்குவரத்து அந்த சர்வர் வழியாகச் சுரங்கத்தில் போகும். ஐந்து நிமிட வேலை. நிறையப் பேர் கோட்டைவிடும் இடம், ஃபயர்ஃபாக்ஸ் புராக்ஸி செட்டிங்கில் டிஎன்எஸ்ஸையும் சாக்ஸ் வழியாகவே அனுப்பு என்ற கட்டம். அதை டிக் செய்யாவிட்டால் பக்கம் சுரங்கத்தில் போகும், பெயர் கேட்கும் கேள்வி ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்கே போகும், பதிவு அப்படியே விழும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் இணைப்பு அறுகிறது என்றால் சர்வர் அலைவ் இன்டர்வலை 60 நொடி என்று வையுங்கள்.

போர்ட் 22 அடைத்திருந்தால் சர்வரை 443-இல் கேட்க வைக்கச் சொல்வார்கள். எஸ்எஸ்எச் பேச்சைத் தொடங்கும்போதே தன் பெயரையும் பதிப்பையும் மறைக்காமல் சொல்லிவிடும், எனவே உள்ளே பார்க்கும் ஃபயர்வாலுக்கு இது விபிஎன்னைவிடச் சுலபம். இதில் இன்னொரு ஆபத்து உண்டு. ரிமோட் ஃபார்வர்டிங் போட்டு வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் வழியைத் திறந்துவிட்டால், அது தடுப்பைத் தாண்டிய சின்னத் தப்பாக நிற்காது. கம்பெனியின் சுவரில் ஓட்டை போட்டதாகும். வேலை போவதோடு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 43, 66 வரைக்கும் இழுக்கலாம். அந்தப் பக்கமே போகாதீர்கள். பத்துக்கு ஐந்து, அதுவும் சொந்த மெஷினில்.

ஆபீஸ் லேப்டாப்பில் போன் ஹாட்ஸ்பாட்

ஆபீஸ் வைஃபையை விட்டுவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் தப்பித்தோம் என்பது இப்போது பரவலாக இருக்கும் நம்பிக்கை. சில வருடங்களுக்கு முன் பல இடங்களில் உண்மையாகவும் இருந்தது. வீட்டிலிருந்து வேலை வந்த பிறகு தடுப்பு ஆபீஸ் சுவரை விட்டு லேப்டாப்புக்குள் குடியேறிவிட்டது. இசட்ஸ்கேலர் கிளையன்ட் போன்ற ஏஜென்ட், நீங்கள் ஹாட்ஸ்பாட்டில் இருந்தாலும் காபி கடையில் இருந்தாலும் எல்லாவற்றையும் முதலில் அவர்கள் கிளவுடுக்குக் கொண்டுபோய், அங்கே வடிகட்டித்தான் வெளியே விடும். உங்கள் டேட்டா பேக் செலவாகிறது, ரிப்போர்ட் அதேபோல ஏறுகிறது. லேன் கேபிள் சொருகியபடியே ஹாட்ஸ்பாட்டையும் சேர்த்தால் இரண்டு நெட்வொர்க்கை இணைத்த குற்றச்சாட்டு வேறு.

இதைவிட அமைதியாக மாட்டிவிடுவது குரோம் சின்க். ஆபீஸ் குரோமில் சொந்த ஜிமெயிலைப் போட்டு சின்க்கை ஆன் செய்தால், ராத்திரி வீட்டில் போனில் பார்த்த பக்கங்களும் காலையில் ஆபீஸ் லேப்டாப்பின் ஹிஸ்டரி ஃபைலில் வந்து இறங்கும். குரோம் 90 நாள் ஹிஸ்டரி வைத்திருக்கும். யாரும் உங்களை உளவு பார்க்கவில்லை, நீங்களே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். சேமித்த பாஸ்வேர்டுகளும் கூடவே வரும். மற்ற எதையும் செய்யாவிட்டாலும் இதை இன்றைக்கே அணையுங்கள்.

மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் ஜிக்ளர்கள் பற்றி ஒரு வரி: 2024-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்ட் அசைவைப் போலியாக உண்டாக்கியதற்காகப் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேலையை விட்டு அனுப்பியது. யுஎஸ்பி ஜிக்ளர் சொருகினால் அதன் அடையாள எண் பதிவாகும்.

யாரும் ரிவ்யூ செய்யாத கருவி

தடுப்புப் பக்கத்தை முழுசாகப் படியுங்கள். தளத்தை எந்த வகையில் போட்டுத் தடுத்தார்கள் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். வேலைக்குத் தேவையான ஒரு டாக்குமெண்டேஷன் தளம் அடைபட்டால், பெரும்பாலும் காரணம் வகைப்படுத்தலில் பிழை, அல்லது டொமைன் புதியது. ஃபயர்வால் நிறுவனமான பாலோ ஆல்டோ, பதிவாகி 32 நாள் ஆகாத டொமைனை எல்லாம் புதுசு என்ற வகையில் போட்டுவைக்கும், நிறைய ஆபீஸ்களில் அந்த வகை முழுசாக அடைப்பு. ஃபோர்டிகார்ட், பாலோ ஆல்டோ இரண்டுமே ஒரு தளம் எந்த வகையில் இருக்கிறது என்று பார்க்கவும், தப்பென்றால் மாற்றச் சொல்லவும் பொதுப் பக்கங்கள் வைத்திருக்கின்றன. எவரும் விண்ணப்பிக்கலாம்.

ஐடி டிக்கெட் போட்டால், "தளம் திறக்கவில்லை, அவசரம்" என்று எழுதாதீர்கள், வாரக்கணக்கில் கிடக்கும். முழு முகவரி, தடுப்புப் பக்கம் காட்டும் வகை, எந்த புராஜெக்ட், எத்தனை நாளைக்கு, மேனேஜரின் ஒப்புதல். இந்த ஐந்தும் இருந்தால் முடிவெடுப்பவருக்கு வேலை மிச்சம். வேலை சம்பந்தப்பட்ட தளத்துக்கு இது பத்துக்கு எட்டு, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதிகம்.

ஒரு எச்சரிக்கை: திறக்கிறது என்பதாலேயே பார்க்கவில்லை என்று ஆகாது. வேலை தேடும் தளங்களைப் பல ஆபீஸ்கள் தடுப்பதில்லை. தடுக்காமல் ஜாப் சர்ச் என்ற வகையில் ஆள்வாரியாக ரிப்போர்ட் எடுத்துக்கொள்கிறார்கள்.

சட்டம் காப்பாற்றுமா என்றால், ஐரோப்பாவில் ஓரளவு. ருமேனியாவில் ஒரு நிறுவனம் தன் பொறியாளரின் யாஹூ மெசஞ்சர் உரையாடலை 2007-இல் படித்து, அவர் அண்ணன் தம்பிக்கும் வருங்கால மனைவிக்கும் எழுதியதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கியது. பத்து வருடம் கழித்து, 2017 செப்டம்பர் 5 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கண்காணிப்பின் அளவும் தன்மையும் முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்று உள்நாட்டு நீதிமன்றங்கள் பார்க்கத் தவறின என்பது முக்கியமான காரணம். கண்காணிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 7-இல், வேலை சம்பந்தமாகவும் முதலாளியை இழப்பிலிருந்து காக்கவும் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் கொடுக்கிறது. சேர்ந்த நாளன்று கையெழுத்திட்ட காகிதங்களுக்குள் அக்செப்டபிள் யூஸ் பாலிசி (எதை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற விதிகள்) என்று ஒரு தாள் இருந்திருக்கும், அதைத் தேடி எடுத்துப் படியுங்கள். விபிஎன் பற்றி அதில் ஒரு வரி இருந்தால் மேலே நான் போட்ட ஏழு மார்க்கையும் அடித்துவிடலாம்.

முதல் பரிசு: சொந்த போன், சொந்த டேட்டா

நாளுக்கு 1.5 ஜிபி, 28 நாள், முந்நூறு ரூபாய் சுற்றுவட்டாரம். இதற்கு மேல் சிறந்த கருவி கிடையாது, எந்த விதியையும் மீறவும் வேண்டாம். வைஃபையை அணைத்தால் போதும்.

ஆனால் போன் நிஜமாகவே சொந்தமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெயிலுக்காக ஏதாவது ஆப் போட்டபோது என்ன அனுமதி கொடுத்தீர்கள்? ஆண்ட்ராய்டில் ஒர்க் புரொஃபைல் என்றால் ஆபீஸ் ஆப்களில் மட்டும் சின்னப் பெட்டி அடையாளம் இருக்கும், அதற்கு வெளியே உள்ள உங்கள் ஆப்களும் உலாவலும் அவர்களுக்குத் தெரியாது. போன் முழுவதையும் ஒப்படைத்திருந்தால் வேறு கதை. ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மெண்ட் என்ற இடத்தில் ஏதாவது புரொஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டில் செக்யூரிட்டிக்குள் டிரஸ்டட் கிரெடென்ஷியல்ஸ், அதில் யூசர் என்ற டேப். ஆபீஸ் வைஃபையில் சேர ஒரு சர்டிஃபிகேட் இறக்கச் சொன்னார்கள் என்றால் அங்கே உட்கார்ந்திருக்கும். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பெரும்பாலான ஆப்கள் அப்படி இறக்கிய ரூட் சர்டிஃபிகேட்டை நம்புவதில்லை, குரோம் நம்பும். அதனால்தான் அந்த வைஃபையில் பல ஆப்கள் அடம்பிடிக்கும்போது குரோம் மட்டும் எதுவும் நடக்காதது போல ஓடும்.

போனைவிடப் பெரிய திரை வேண்டுமென்றால் சொந்த டேப்லெட்டை யுஎஸ்பி கேபிளில் டெதர் செய்யுங்கள், அதாவது போனின் டேட்டாவை கேபிள் வழியாகக் கொடுங்கள். வைஃபை ஹாட்ஸ்பாட் போட்டால் ஆபீஸின் ஆக்சஸ் பாயிண்டுகள் சுற்றியிருக்கும் அந்நிய வைஃபைகளைப் பட்டியல் எடுக்கும்போது உங்கள் பெயரும் அதில் விழும், அதுவும் பலர் ஹாட்ஸ்பாட்டுக்குத் தங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள்.